மூலையில் ஒரு வாத்து

2006 நவம்பர் 1, புதன்

இந்த டைரி அவருக்கு யூனியனில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து ஒரு எழுத்து கிடையாது. வருடா வருடம் ஒன்று வாங்கி வருவார், அட்டையைத் தடவிப் பார்ப்பார், அலமாரியில் போட்டுவிடுவார். மேடையில் ஏறினால் இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசுகிற மனிதர். பேனாவைக் கொடுத்தால் மட்டும் ஷாக் அடித்த மாதிரி கையை இழுத்துக்கொள்வார். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவரைப் பற்றி இப்படிச் சொன்னால் அவரே ரசிப்பார்.

அவர் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. தீபாவளி அன்று காலையில் போனார். வாழ்நாளில் ஒரு மத்தாப்புக் கொளுத்தாதவரை ஊரே வெடி வெடித்து அனுப்பி வைத்தது. கறுப்புச் சட்டைதான் போட்டு எடுத்துப் போனார்கள்.

பையன் அதியன் ஐந்தாம் நாள் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிவிட்டான். துறைமுகத்தில் அதற்கு மேல் லீவு தரமாட்டார்களாம். பத்தொன்பதாம் தேதி படத்திறப்பு. அதற்கு வருவான்.

வீட்டில் பேச ஆளில்லை. எழுதினால் கொஞ்சம் பேசின மாதிரி இருக்கும். வேறொன்றுமில்லை.

நவம்பர் 3, வெள்ளி

மழை. பரண் ஒழுகுகிறது. அங்கிருந்த தகரப் பெட்டியை இறக்குவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அதியனின் பெட்டி. உள்ளே எல்லாம் ஈரம்.

நவம்பர் 4, சனி

கூடத்தில் நீளவாக்கில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு எல்லாக் கடிதங்களையும் தொங்கவிட்டிருக்கிறேன். அவன் ஆறாம் வகுப்பில் விடுதிக்குப் போனதிலிருந்து காலேஜ் முடிக்கிற வரை அவன் அப்பாவுக்கு எழுதியவை. அத்தனையும் நீல இன்லேண்டு. ஃபேன் போட்டால் எல்லாம் ஒரே சமயத்தில் ஆடுகின்றன. கூடம் முழுக்க நீல வெளிச்சம். சமையலறைக்குப் போகவும் வரவும் அதன் கீழே குனிந்து போகவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒன்று தலையில் உரசுகிறது. ஒரு தரம் நின்று படித்தேன். சாதம் குழைந்துவிட்டது.

பெட்டியில் இன்னும் என்னென்னவோ. விடுதியில் அவன் சாப்பிட்ட தட்டு, பின்னால் ஆணியால் 47 என்று கீறியிருக்கும். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட். ஒரு சங்கு. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, தேய்ந்தது. ஹால் டிக்கெட்டை அரிசிச் சாக்கின் மேல் காயவைத்தேன். போட்டோவில் எண்ணெய் வழிய முறைத்துக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் அச்சகம் வைத்திருக்கும் சீனிவேலு வந்தார். இவருக்குக் கட்சியில் தம்பி மாதிரி. கொடியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணி, லாண்டரி போட்டிருக்கீங்க?"

உட்கார்ந்து டீ குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். படத்திறப்பு அன்று ஒரு நினைவு மலர் போடுகிறாராம். "அண்ணன் பையனுக்கு வாராவாரம் கடிதம் எழுதியிருக்காராமே? எனக்குத் தெரியவே தெரியாது. நோட்டீஸ் மேட்டரைக்கூட வாயால சொல்லித்தான் எங்கிட்ட எழுத வைப்பாரு. அதியன் ஒண்ணு விடாம வச்சிருக்கானாம். பதினேழாம் தேதி கொண்டு வரேன், வந்து பேசிக்கலாம்னான். மலருக்கு அதுதான் உயிர் அண்ணி. 'தந்தை எழுதிய மடல்கள்'. எப்படி?"

நல்லா இருக்கு என்றேன். டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

எழுதலாமா கூடாதா என்று காலையிலிருந்து யோசனை. டைரிதானே, யார் படிக்கப் போகிறார்கள்.

அந்தக் கடிதங்களை அவர் எழுதவில்லை. நான் எழுதினேன்.

எண்பத்தெட்டில் இந்த வீட்டுக்கு வந்தேன். எனக்கு முப்பத்தாறு, அவருக்கு இரண்டாவது. ஐயர் கிடையாது, தாலி கிடையாது, மாலை மாற்றினோம், சீனிவேலு வாழ்த்திப் பேசினார். அதியனுக்குப் பத்து வயது. அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் வைத்ததைத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான், கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவான். மறு வருடம் மேட்டூர்ப் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அதுவரை நாங்கள் பேசிய பேச்சை ஒரு போஸ்ட் கார்டில் அடக்கிவிடலாம்.

முதல் கடிதம் வந்தது. "அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். சாம்பாரில் பூச்சி இருந்தது. வார்டன் அதைச் சீரகம் என்கிறார். சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்." பதில் போடச் சொல்லி ஒரு வாரம் இவர் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில், "நீயே எழுதிப் போடு நாயகி. நல்லாப் படிக்கச் சொல்லு, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு. அவ்வளவுதான்" என்றார். இரண்டு வரி. இன்லேண்டில் மூன்று பக்கம் காலியாகக் கிடந்தது. பிள்ளை பிரித்துப் பார்த்தால் என்ன நினைப்பான்? டிரான்ஸ்பார்மர் கொட்டகையில் பூனை குட்டி போட்டது, மாவு மெஷின்காரர் தும்மித் தும்மி மூக்குக் கண்ணாடியை மாவில் தொலைத்தது, இப்படி எதையாவது எழுதி நிரப்பினேன். கீழே "அப்பா" என்று போட்டேன்.

அன்றைக்கு ஒரு தப்பு நடந்தது. பேனா எடுத்தால் முதலில் மூலையில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் எனக்குப் பழக்கம். என்னையறியாமல் போட்டுவிட்டேன். எட்டிப் பார்த்தவர் முகம் சுண்டிப்போனது. "இந்த வீட்டுலேருந்து இதுவா போவுது?" வேறு இன்லேண்டு கையில் இல்லை, வெளியே மழை. சுழியைப் பார்த்தேன். வளைந்த கழுத்து மாதிரி இருந்தது. ஒரு கண் வைத்து, அலகு வைத்து, வாலைத் தூக்கிவிட்டேன். வாத்து. அவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரமே பையன் கேட்டிருந்தான்: "அப்பா, வாத்துக்குப் பெயர் என்ன?"

அதிலிருந்து எல்லாக் கடிதத்திலும் வாத்து. பிறகு கை அப்படியே பழகி, மளிகைச் சீட்டிலும் வாத்து. இந்தப் பக்கத்து மூலையிலும் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு வாத்து, எனக்கு உள்ளே பிள்ளையார். யாருக்கும் நஷ்டமில்லை.

நவம்பர் 6, திங்கள்

மழை விடவில்லை. மதியம் கடிதங்களுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தேன். நீலமாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கண் சொருகியது. பதினோரு வயது அதியன் வந்து உட்கார்ந்தான், பிறகு பதினைந்து வயதில் ஒருவன், மீசை வைத்த ஒருவன். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து டீக்குக் காத்திருந்தார்கள். ஒருவனுக்குச் சர்க்கரை குறைவு, ஒருவனுக்கு ஆடை பிடிக்காது. எது யாருக்கு என்று எனக்குத் தடுமாறவே இல்லை. விழித்தபோது உண்மையாகவே மூன்று டம்ளர் எடுத்து வைத்தேன். பிறகு இரண்டை உள்ளே வைத்துவிட்டேன்.

சொன்னால் என்ன ஆகும்? அவனுக்கு அப்பா இரண்டாவது தடவை போய்விடுவார். மிச்சமிருப்பது அந்தக் கடிதங்கள்தான். சொல்லாவிட்டால் அச்சேறி, இவர் படத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அவ்வளவுதானே. எனக்கென்ன.

நவம்பர் 7, செவ்வாய்

எனக்கென்ன என்று நேற்று எழுதியது பொய்.

நவம்பர் 8, புதன்

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பத்தாம் வகுப்புக் கடிதங்கள் காய்ந்துவிட்டன. படித்தால் சிரிப்பாக வருகிறது. பையன் படிப்பில் கெட்டிக்காரன்தான், வீட்டு விஷயத்தில் சுத்த மண்டு.

தொண்ணூற்று மூன்று ஜூனில் கிணற்றடியில் வழுக்கி என் கால் பிசகியது. "சித்தி விழுந்துவிட்டாள்" என்று தெளிவாக எழுதியிருந்தேன். பதிலில் என்ன எழுதியிருக்கிறான் பார்: "அப்பா, கால் வலி எப்படி இருக்கிறது? தண்ணீர்க் குடத்தைத் தூக்காதீர்கள்." இவர் எந்தக் காலத்தில் குடம் தூக்கினார்! படித்துக் காட்டியதும் ஈஸிசேரில் கண்ணை மூடியபடி, "சரி, நான் இனிமே தூக்கல" என்றார்.

இன்னொன்றில், "உங்களுக்கு மிக்சர் பிடிக்காது, அதனால் தேங்காய் பன் வாங்கி வருகிறேன்." மிக்சர் இல்லாமல் இவருக்குப் பொழுதே போகாது. பன் பிடிக்கும் என்றால் எனக்குத்தான். வாங்கி வந்தான், நான்தான் தின்றேன்.

அந்த வருடம் முழுக்க ஞாபக மறதி. மே லீவில் சீட்டு எழுதிக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினேன், வெல்லத்தை மறந்துவிட்டு வந்தான். சீட்டு எங்கேடா என்றால் முழிக்கிறான். திட்டினேன். பாவம், வளர்கிற வயது.

நவம்பர் 10, வெள்ளி

அதியன் போன் செய்தான்.

வீட்டுக்கு போன் வந்த வருடம் கடிதம் நின்றது. மணி அடித்தால் நான் எடுப்பேன், "நல்லா இருக்கியாப்பா, இதோ அப்பாகிட்ட குடுக்குறேன்" என்பேன். அவர், "ம்... சாப்பிட்டியா... சரி வை" என்பார். இரண்டு பக்கமும் வைத்துவிடுவார்கள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்த ஆறு வருடமாக எனக்கு அவனிடம் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பூனைக் கதையை "சித்தி" எப்படிச் சொல்வாள்? அது அப்பா சொல்கிற கதை.

இன்றைக்குக் கொடுக்க ஆளில்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சித்தி, கால் எப்படி இருக்கு? மழைக்கு வலிக்குமே?"

"அது பழைய வலிப்பா. பரண் ஒழுகி உன் கடுதாசி எல்லாம் நனைஞ்சுபோச்சு. கொடியில காயப் போட்டிருக்கேன்."

"அப்படியே இருக்கட்டும். எடுத்துடாதீங்க. நான் வந்து பாக்கணும்" என்றான்.

"சீனிவேலு மலர்ல போடணும்னாரு..."

"தெரியும் சித்தி. வந்து பேசிக்கலாம்."

சொல்ல வாயெடுத்தேன். "உடம்பைப் பார்த்துக்கப்பா" என்றுதான் வந்தது.

நவம்பர் 12, ஞாயிறு

செருப்பை இன்றைக்குப் போட்டுப் பார்த்தேன். காலேஜ் சேர்ந்த புதிதில் கோயம்புத்தூரிலிருந்து "அப்பாவுக்கு" என்று எழுதிப் பார்சலில் அனுப்பியது. ஆறாம் நம்பர். இவர் கால் ஒன்பது. பெற்ற பிள்ளைக்கு அப்பன் கால் அளவுகூடத் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வீணாகப் போகக்கூடாதே என்று நான் போட்டுத் தேய்த்தேன். அளவு அப்படியே பொருந்தியது.

கொடியின் கோடியில் ஒரு கடிதம், தொண்ணூற்று நாலு தேதி போட்டது. "அப்பா, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினபோது அழுதீர்களா?" இவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஐ.டி.ஐ. படித்தவர். எட்டாவதில் நின்றவள் நான். யாரோ சொன்னதைக் குழப்பிக்கொண்டான் என்றுதான் அப்போது நினைத்தேன். இவரிடம் இதை மட்டும் படித்துக் காட்டவில்லை. பதில் எழுதினேன்: "அழுதேன். நோட்டை எல்லாம் எடைக்குப் போட்டார்கள். ஒரு நோட்டை மட்டும் மாவுச் சல்லடைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்."

அத்தனை வருடத்தில் அந்த ஒரு பதிலில்தான் நான் அவர் குரலில் பேசவில்லை. கீழே "அப்பா" என்று போடும்போது கை நின்றது. போட்டேன்.

மலரில் இதுவும் வரும். அவர் படத்துக்குக் கீழே என் சல்லடை.

நவம்பர் 13, திங்கள்

போஸ்ட் ஆபீஸ் போய் ஒரு இன்லேண்டு வாங்கினேன். அங்கேயே நின்று எழுதினேன், வீட்டுக்கு வந்தால் மனசு மாறிவிடும். "அன்புள்ள அதியனுக்கு, சித்தி எழுதுவது." இந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. பிறகு எல்லாவற்றையும் எழுதினேன். உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை, அம்மா இல்லாத பிள்ளை, அப்பன் எழுதுகிறான் என்றே இருக்கட்டும் என்றார் உன் அப்பா, அதனால் எழுதினேன், பிறகு எனக்கு நிறுத்த மனசு வரவில்லை என்றும் எழுதினேன். பெட்டியில் போட்டுவிட்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்

காலையிலேயே ஓடிப்போய் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "நேத்தே பை போயிடுச்சும்மா. பணம் ஏதும் வச்சு அனுப்பிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்புறம் என்ன, நிம்மதியா போங்க" என்றாள்.

சுண்டைக்காய் வற்றல் போட நினைத்தது, மழையில் முடியவில்லை.

நவம்பர் 16, வியாழன்

அதியன் நேற்றே ரயில் ஏறிவிட்டானாம். அப்படியானால் கடிதம் அவன் கைக்குப் போயிருக்காது. எங்கோ ஆந்திராவில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். தப்பித்தோம் என்று இருந்தது. உடனே தப்பிக்கவில்லை என்றும் இருந்தது. வாயால்தான் சொல்லியாக வேண்டும். நாளை காலை அவன் காபி குடித்ததும் சொல்லிவிடுவேன். சீனிவேலு அச்சுக்கோக்க நாளை சாயங்காலம் கடிதங்களை வாங்க வருகிறார்.

நவம்பர் 17, வெள்ளி

எட்டரை மணிக்கு வந்தான், தொப்பலாக நனைந்து. குடை எடுக்கும் வழக்கம் அந்தப் பரம்பரைக்கே கிடையாது. துண்டைக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே கொடிக்குக் கீழே போய் நின்றான். ஒவ்வொன்றாகக் கிளிப்பைப் பிடித்துத் திருப்பிப் படித்தான். பூச்சிச் சாம்பார் கடிதத்தில் வாய்விட்டுச் சிரித்தான். காபி ஆறியது. மறுபடி போட்டேன், அதுவும் ஆறியது.

"அதியா, மலருக்குக் கடுதாசி குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"முதல்ல இதைப் பாருங்க சித்தி" என்று பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தான்.

எல்லாம் தேதி வாரியாக, கண்ணாடிக் கவர் போட்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கவரில் இருந்தது கடிதமில்லை, ஒரு துண்டுத் தாள். துவரம்பருப்பு ஒரு கிலோ. வெல்லம் அரைக் கிலோ. மிளகு நூறு. ஊதுபத்தி ஒன்று, பைக்கு அடியில் வைக்கவும், அப்பா கண்ணில் படவேண்டாம். மூலையில் வாத்து.

"தொண்ணூத்தி மூணு மே மாசம்" என்றான். "கடைக்குப் போற வழியில பிரிச்சேன். வாத்து இருந்துச்சு. கையெழுத்தும் அதே கையெழுத்து. ரோட்டோரமா அப்படியே நின்னுட்டேன். சீட்டைக் கடைக்காரர்கிட்ட குடுக்க மனசு வரல. ஞாபகத்துலேருந்து ஒவ்வொண்ணா சொல்லி வாங்கினேன். வெல்லம் விட்டுப்போச்சு. நீங்க திட்டினீங்க."

கால் வலி, தேங்காய் பன், ஆறாம் நம்பர் செருப்பு, எட்டாம் வகுப்பு எல்லாம் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. சுத்த மண்டு யார் என்று இப்போது தெரிந்தது.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா..."

"அப்பாவுக்குத் தெரியும் சித்தி. காலேஜ்ல சேர்க்க வந்தாரில்ல? பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறப்ப, 'கடுதாசி வருதாடா'ன்னாரு. வருதுப்பான்னேன். டம்ளரைப் பாத்துக்கிட்டே, 'நம்ம நாயகி நல்லா எழுதுறாள்ல?'ன்னாரு. ஆமாப்பான்னேன். 'நீ ஒண்ணும் கேட்டு வைக்காத, கூச்சப்படுவா'ன்னாரு. அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவர் போன அன்றுகூட இப்படி வரவில்லை. பதினோரு வருடம் ஒருவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்பிள்ளைகளும் நான் ஒளிந்திருப்பதாகவே இருக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறார்கள். அதியன் ஆறின காபியை எடுத்துக் குடித்தான்.

சாயங்காலம் சீனிவேலு வந்தார். "கடிதம் வேண்டாம் சித்தப்பா. அது ஊருக்கு இல்ல. அப்பா பேசின கேசட் இருக்கு, அதைக் கேட்டு எழுதிப் போடுங்க. அவர் பேசினாத்தான் அவரு" என்றான். சீனிவேலுவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு தட்டு பஜ்ஜி வைத்துச் சமாதானம் செய்தேன்.

அவன் தூங்கப் போகும்போது சொன்னேன். "அங்க உனக்கு என் கடுதாசி ஒண்ணு வந்து கிடக்கும். படிக்காம கிழிச்சுப் போட்டுடு."

"மாட்டேன்" என்றான்.

நவம்பர் 19, ஞாயிறு

படத்திறப்பு நல்லபடியாக நடந்தது. படத்தில் இவர் பேசப்போகிற மாதிரியே இருக்கிறார். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்ததும் மறந்துவிட்டது. ஒரு வீட்டில் ஒருவர் பேசினால் போதும்.

நவம்பர் 20, திங்கள்

அதியன் கிளம்பினான். ஃபைலை எடுத்துப் போகவில்லை. தகரப் பெட்டியைத் துடைத்து, அவன் எழுதியது ஒன்று, நான் எழுதியது ஒன்று என்று கேள்வியும் பதிலுமாக மாற்றி மாற்றி அடுக்கினோம். மளிகைச் சீட்டை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டான். கொடியைக் கழற்றியதும் கூடம் வெளிச்சமாக, ரொம்பப் பெரிதாக இருக்கிறது. நடக்கும்போது இன்னும் குனிகிறேன்.

நவம்பர் 23, வியாழன்

பரணுக்கு ஆள் வந்து ஓடு மாற்றினான். அதியன் போய்ச் சேர்ந்துவிட்டதாக போன். கடிதத்தைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 28, செவ்வாய்

பதினொன்றரைக்கு வாசலில் சைக்கிள் மணி. தபால்காரர் இருபது வருடமாக இந்தத் தெருவுக்கு வருகிறவர். இந்த வீட்டுக்கு அவர் கொண்டு வந்த தபால் எல்லாம் திரு. செங்குட்டுவன் பெயருக்குத்தான். இன்று ஒரு நீல இன்லேண்டைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மூலையில், முகவரிக்குப் பக்கத்தில், அலகு கோணலாக ஒரு வாத்து. அவனுக்கு வரைய வராது.

"ஏம்மா, தையல்நாயகின்னு இந்த வீட்டுல யாரு?"

"நான்தான்" என்றேன்.

அடுப்பில் ரசம் இருக்கிறது. இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பிரிக்க வேண்டும்.